அமாவாசையில் வந்த இரைச்சல்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சார், மூடின அலமாரிக்குள்ள ஆம்ப்ளிஃபயர் வெச்சா எவ்ளோ பெரிய ஃபேன் போடணும்?" இதற்குப் பதில் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. பெட்டி எவ்வளவு சூடு தரும், அலமாரி எவ்வளவு அகலம் என்று தட்டினால் அதுவே சொல்லிவிடும். நான் கடையைச் சாத்திவிட்டு ஓய்வில் உட்கார்ந்திருப்பவன். என்னிடம் கேட்டால், நான் தப்பாகப் போட்ட ஒரு ஃபேனைப் பற்றித்தான் சொல்வேன்.

திருத்தணியில் மலையடிவாரத் தெருவில் என் கடை இருந்தது. பாதி ஆயுள் கிருத்திகைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியே கழிந்தது. சத்தத்தைக் கூட்டுவதற்குத்தான் எனக்குக் கை பழகியிருந்தது. குறைப்பது என்பது, பிற்பாடு வீடுகளுக்குப் பாட்டுச் செட் பொருத்தப் போனபோது தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. அதிலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒயர் தெரியாமல், பெட்டி தெரியாமல், உள்ளே என்ன இருக்கிறது என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் முடித்துக் கொடுப்பேன். அதுதான் சுத்தமான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் கடைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விசைத்தறி ஓட்டியே வாழ்ந்தவர். இப்போது தறிகளை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் மெதுவாகப் பேசினால் என் வாயையே பார்ப்பார். தறிச் சத்தத்தில் முப்பது வருடம் இருந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான்.

"காதுல மேல் சத்தமெல்லாம் பூட்சி நைனா," என்றார். வயதில் சின்னவனான என்னை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். "டாக்டர் சொல்லிட்டாரு, போனது வராதாம். பொம்பளைங்க பாடனா நூலு அறுந்தாப்புல கேக்குது. தவிலு மட்டும் முழுசா வருது. மிச்சம் கீற காதுல அத்தயாவது நல்லா கேட்டுட்டுப் போறேன். ஒரு செட்டு வெச்சிக் குடு."

"தறி ஓடிக்கினே இருக்குமே, எப்ப கேப்பீங்க?" என்றேன்.

"அமாவாசைக்கு. மாசத்துல அந்த ஒரு நாள்தான் எங்க ஊரு வாய மூடும்."

அந்த ஊரில் அமாவாசைக்குத் தறி ஓட்டுவதில்லை. மற்ற நாளெல்லாம் தெருவுக்குத் தெரு டக்கடக்க டக்கடக்க என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு நாளுக்காக ஒரு மனிதர் செட் வாங்குகிறார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தறி வீட்டில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைக்க முடியாது. காற்றில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். ஒரே மாதத்தில் பெட்டிக்குக் கம்பளி போர்த்திவிடும். எனவே மூடின அலமாரிதான். மூடினால் சூடு சேரும். சூட்டை வெளியே தள்ள ஃபேன் வேண்டும். உள்ளூர் ஆசாரி ஒருவர் தேக்கில் அழகாகச் செய்தார். அலமாரியின் முதுகுப் பலகையே அப்படியே நீண்டு, பக்கத்துப் பெஞ்சுக்குச் சாய்மானமாக வரும். ஒரே பலகை. தறிக்காரர் அந்தப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் இரண்டு ஸ்பீக்கர்.

நான் ஃபேனை அந்த முதுகுப் பலகையில் வைத்து ஸ்க்ரூ போடப் போனேன். ஆசாரி தலையைச் சொறிந்தார்.

"பலகையிலேயே நேரா முறுக்காதீங்க சார். அது சுத்தறப்ப பலகையும் கூட சேந்து பாடும்."

"இந்தச் சின்ன ஃபேனா பாடப் போகுது?" என்று சிரித்துவிட்டு முறுக்கினேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். கையில் இருந்தது சின்னது, வேகமாகச் சுற்றுவது. 'காது மந்தமான மனுஷன், இவருக்கு எதுக்கு அவ்வளவு அமைதி' என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. ஒரு வினாடி நினைப்புதான். அதன் மேல்தான் அந்த ஃபேனைப் போட்டேன்.

ஃபேனுக்கு ஒரு சுவிட்ச். அலமாரிக்குள் சூடு ஏறினால் தானாக ஓடும், ஆறினால் தானாக நிற்கும். எல்லாவற்றையும் மூடி, ஃபேன் ஓடுகிற அளவுக்குச் சூடேறும்வரை பாட்டை ஓட விட்டு நிறுத்திவிட்டு, அலமாரிக் கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அன்று வேலை நாள். பின்கட்டில் தறி, பக்கத்து வீட்டில் தறி, எதிர் வீட்டில் தறி. சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டு கொசு பறக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்த புத்திசாலி நான். உள்ளே ஒரு ஃபேன் இருக்கிறது என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. அதுதான் சுத்தமான வேலையாயிற்றே.

நாலு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"செட்ட எடுத்துக்கினு போயிடு நைனா. யாராவது கேக்கறவங்களுக்கு வெச்சிக் குடு. அமாவாசைக்கு வா, பையன் வீட்ல இருப்பான், தூக்கறதுக்கு ஆளு வேணுமில்ல."

"என்ன ஆச்சுங்க அண்ணா? செட்ல ஏதாவது கொறையா?"

"செட்டு மேல கொற இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. மீட்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு, 'என்ன குறை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்' என்ற கோபத்தோடுதான் அமாவாசையன்று பஸ் ஏறினேன்.

ஊருக்குள் இறங்கியதும் ஏதோ வேறு ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது. நாய் குரைப்பதும், யாரோ வாசலில் தண்ணீர் தெளிப்பதும் தனித்தனியாகக் கேட்டன. தறிக்காரர் தாடி வளர்த்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், செட்டின் பக்கம் பார்க்கவே இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒயர் சரி, ஸ்பீக்கர் சரி, பெட்டி சரி.

"எல்லாம் சுத்தமா கீது. அப்புறம் ஏன் வேணாம்ன்றீங்க?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனே, கொற அதுல இல்ல. என்கிட்ட கீது," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு எழுந்து போய்விட்டார்.

காபியோடு வந்த அவர் மனைவிதான் சொன்னார். "கோச்சிக்காத தம்பி. காது முழுசா போவப் போவுதுன்னு பயந்துகினு கீறாரு. என்கிட்டயே ரெண்டு மாசம் சொல்லல."

விஷயம் இதுதான். முதல் அமாவாசை அன்று ஆசையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கால் மணி, இருபது நிமிடம் போனதும் தலைக்குள் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் ஆரம்பித்திருக்கிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. வெகுநேரம் இருந்து, பிறகு அடங்கியது. அடுத்த அமாவாசைக்கும் அதே. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் வந்தது. மனைவியைக் கூப்பிட்டு "எதனா கேக்குதா?" என்றால் அவர் நடுக்கூடத்தில் நின்றபடி "ஒண்ணும் இல்லியே" என்கிறார். டாக்டரிடம் போனால், போன தடவை பார்த்தது போலத்தான் காது இருக்கிறது, வயதாகிறது இல்லையா என்று அனுப்பிவிட்டார். அமாவாசைக்கு நோய் கூடும் என்று வீட்டுக்கு வந்த யாரோ வேறு சொல்லியிருக்கிறார்கள். திருத்தணி முருகனுக்கு முடி இறக்கிக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு தாடி வளர்க்கிறார்.

"பாட்டு கேக்கறப்பதான் அது வருதாம். கேக்கக் கேக்க மிச்சம் கீற காதும் கரஞ்சி போவுதாம். அதனாலதான் இனிமே தொடமாட்டேன்றாரு," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா காபியை என் பக்கம் நகர்த்தினார்.

மறுபடி ஒருமுறை போட்டுக் கேளுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் காதில் ஒரு பங்கை இழக்கிறோம் என்று நம்புகிற மனிதரை எப்படி உட்காரச் சொல்வது? நானே உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டேன். முழங்கையை முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்து, காதைத் தீட்டிக் கேட்டேன். தவில் அருமையாக வந்தது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் நின்றபடி வந்த அலுப்பில் அப்படியே பின்னால் சாய்ந்து, தலையைப் பலகையில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அலமாரிக்குள் 'டிக்' என்றது. அடுத்த நொடி என் மண்டைக்குள் உம்ம் என்று ஆரம்பித்தது.

தலையைத் தூக்கினேன், காணோம். வைத்தேன், வந்தது. பாட்டை நிறுத்தினேன், அது நிற்கவில்லை, ஏனென்றால் உள்ளே சூடு இன்னும் ஆறவில்லை. சத்தம் கூட்டினால் சீக்கிரம் வந்ததும் இதனால்தான். பெட்டி சீக்கிரம் சூடாகும். என் ஃபேன் பலகையைத் தடதடக்க வைக்க, பலகை அவர் தலையைத் தடதடக்க வைத்திருக்கிறது. மேல் சத்தம் போன காதுக்கு மிச்சம் இருப்பதே இந்த அடிச் சத்தம்தான். எந்தக் காதுக்கு அமைதி தேவையில்லை என்று நினைத்தேனோ, அந்தக் காதுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட இது பெரிதாகக் கேட்டிருக்கிறது.

கூடத்தில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். அந்த நாலைந்து நிமிடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மீட்டரோடு யார் வேண்டுமானாலும் தப்பைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த தப்பு உங்களுடையதாக இருக்கும்போதுதான் அதை மூடி மறைக்கக் கை போகும். என் முன்னால் மூன்று வழி இருந்தது. செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அவரே எடுத்துப் போகச் சொன்னதுதானே. அல்லது ஃபேனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, 'ஒரு ஒயர் லூஸா இருந்துச்சுங்கண்ணா, இப்ப சரியாயிடுச்சு' என்று சொல்லலாம். அவருக்கு இரைச்சல் நின்றுவிடும், வேண்டுதல் பலித்தது என்று முருகனுக்குப் பேர் போகும், எனக்கும் மானம் மிஞ்சும். ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாமியின் மேல் பழியைப் போட்டால் பாவம், புகழைப் போட்டால் என்ன பாவம் என்றுகூட யோசித்தேன். உண்மையைச் சொல்வது மூன்றாவது வழி. நான் ரொம்ப யோக்கியன், அதனால் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். லூஸ் ஒயர் கதையை முழுசாக ஜோடித்து முடித்துத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் பின்கட்டிலிருந்து வந்து கதவருகில் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, "கழட்டிட்டியா நைனா?" என்றார்.

செத்த வீட்டில் 'எடுத்துட்டாங்களா' என்று கேட்பார்களே, அந்தக் குரல். ஜோடித்த கதையை விட்டுவிட்டேன்.

"அண்ணா, உங்க காதுல ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு ஃபேன் வெச்சிருக்கேன், உங்ககிட்ட சொல்லல. அதான் எரையுது. தப்பு என்னுது."

அவர் என் வாயையே பார்த்தார். "இன்னா சொன்ன?"

மறுபடி சத்தமாகச் சொன்னேன். நம்பவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தலையைச் சாய்க்கச் சொன்னேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "வருது," என்றார். நான் அலமாரிக்குள் கையை விட்டு ஃபேனை நிறுத்தினேன். "போச்சு." ஓட விட்டேன். "வருது." நிறுத்தினேன். "போச்சு... இன்னொரு தபா." எத்தனை தடவை செய்யச் சொன்னார் என்று நினைவில்லை. அப்புறம் சமையல்கட்டைப் பார்த்து மனைவியை ஒரு கூப்பாடு போட்டுக் கூப்பிட்டார்.

"வா, இங்க குந்து. தலைய பலகையில வெய்யி."

அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்து, அவர் பக்கத்திலேயே தலையைச் சாய்த்தார். நான் ஃபேனைப் போட்டேன்.

"ஆங்... ஆமாங்க, உம்முனு ஒண்ணு கேக்குது."

"உனக்கும் கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்க."

"உனக்கும் கேக்குதாடி!" என்று இன்னொரு தரம் கேட்டவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த அம்மாவும் அழுதார். நான் கையில் ஒயரைப் பிடித்தபடி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மிச்சத்தையும் அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வராது. "நல்ல ஃபேன் இருந்துச்சுங்கண்ணா. ஒரு வாரம் காத்துகினு இருந்திருந்தா வந்திருக்கும். உங்களுக்குக் காது மந்தம்தானேன்னு நெனச்சிதான் இத்த போட்டேன்."

அவர் துண்டை இறக்கினார். கண் சிவந்திருந்தது. நேராக என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கடைசியில், "காபி ஆறிடுச்சி பாரு, வேற போட்டாந்து குடு இவனுக்கு," என்று மனைவியிடம் சொன்னார். அதற்கு மேல் அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறு வாரம் பெரிய ஃபேன் வந்ததும் போனேன். அதை முதுகுப் பலகையில் வைக்கவில்லை. பெஞ்சோடு ஒட்டாத எதிர்ப் பக்கத்துப் பலகைக்கு மாற்றினேன். ரப்பர் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். தறிக்காரர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே போய், தறியில் ஊடு நூலைச் சுமந்து ஓடும் நாடா வேகமாக வந்து மோதும் இடத்தில் வைக்கிற தோல் துண்டு நாலை எடுத்து வந்தார். எண்ணெய் ஊறி, அடி வாங்கி வாங்கி மெத்தென்று ஆனவை.

"நாள் முழுக்க மோதல தாங்கற தோலு நைனா. உன் ஃபேன தாங்காதா?"

அவரே அளவு பார்த்து வெட்டி, ஃபேனின் நாலு மூலைக்கும் கொடுத்தார். இன்றுவரை அதைவிட நல்லது எனக்குக் கடையில் கிடைத்ததில்லை. ஆசாரி சொன்னதை அன்றே கேட்டிருந்தால் இத்தனையும் வேண்டியிருக்காது. திரும்பும் வழியில் அவர் பட்டறைக்குப் போய் அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் சிரித்த சிரிப்பு ஒன்றும் சின்னதாக இல்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. "அதான் காதுக்கு ஒண்ணும் இல்லியே, இன்னும் எதுக்குக் காவடி?" என்று கேட்டேன். "வேண்டுனது வேண்டுனதுதான். அவரு உன்னதான் அனுப்சாரு, இன்னா, கொஞ்சம் லேட்டா அனுப்சாரு," என்றார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் படியேற, பின்னாலேயே நானும் பால்குடத்தோடு ஏறினேன். எனக்கு நானே விதித்துக்கொண்டது அது.

அடுத்த அமாவாசைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாய்ந்து, தலையைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி ஆனது. ஃபேன் ஓடத் தொடங்கியது எனக்கே தெரியவில்லை. நடுவில் எழுந்து போய், ஒரு இழை நூலை எடுத்து வந்து அலமாரியின் காற்றுத் துளைக்கு நேரே பிடித்தார். நூல் மெல்ல ஆடியது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி சாய்ந்துகொண்டார். உள்ளே என்ன இருக்கிறது, எப்போது ஓடும், பஞ்சு அடைத்தால் எங்கே துடைக்க வேண்டும் என்று இப்போது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும், உள்ளே வைத்ததைக் காட்டாமல் கதவை மூடியதில்லை.

கிளம்பும்போது, பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு நான் சொன்னப்ப உங்களுக்குக் கோவமே வரலயா அண்ணா?"

"வராம? உன்ன வெளிய புடிச்சித் தள்ளணும்னுதான் இருந்திச்சி." அவர் பெஞ்சின் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஆனா நீ கம்முனு சரி பண்ணிட்டுப் போயிருந்தா இன்னா ஆயிருக்கும் சொல்லு? நின்னுடுச்சின்னு சந்தோசப்பட்டிருப்பேன். அப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் திரும்பி எப்ப வரும், எப்ப வரும்னு அதுக்கே காது குடுத்துகினு குந்தியிருப்பேன். பாட்டு எங்க நைனா கேட்டிருக்கப் போறேன்?"